அம்மாவுக்கோ அப்பாவுக்கோ எடை குறைப்பு அறுவை சிகிச்சை: பிள்ளைகளிடம் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு இரைப்பையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தபோது மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, காப்பீட்டுத் தாள்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் ஓடினேன். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒரு மாலைகூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. மகன் மூன்று இரவுகள் தூங்கவில்லை. அதன் பிறகு, மருத்துவமனையில் மாதந்தோறும் நடக்கும் நோயாளிகள் கூட்டத்தில் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெற்றோருடன் பேசி வருகிறேன். நான் இடறிய அதே இடங்களில்தான் பெரும்பாலும் எல்லோரும் இடறுகிறார்கள். சொல்லும் செய்தியைவிடச் சொல்லும் வரிசையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பிள்ளைகளிடம் வாய் திறப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பிள்ளைகள் கேட்கும் முதல் மூன்று கேள்விகளும் மருத்துவத்தைப் பற்றியவை அல்ல. எத்தனை இரவு வீட்டில் இருக்க மாட்டாய், உன்னைப் பார்க்க வரலாமா, வந்த பிறகு என்னைத் தூக்குவாயா. "தெரியவில்லை, பார்க்கலாம்" என்று நீங்கள் இழுத்தால், பெரிய ஆபத்து ஒன்றை மறைக்கிறீர்கள் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் பதில்களைச் சேகரியுங்கள்.

எந்த வகை அறுவை சிகிச்சை என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் நாலைந்து சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுபவை. பெரிய வெட்டு இருக்காது என்று அடித்துச் சொல்ல முடிந்தால் சிறு பிள்ளைகளின் பயம் பாதி இறங்கிவிடும்.

எத்தனை நாள் தங்க வேண்டும் (பொதுவாக இரண்டு மூன்று நாள்), எந்த வயதுப் பிள்ளைகளை வார்டுக்குள் விடுவார்கள், எத்தனை வாரம் எடை தூக்கக் கூடாது என்பவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். பல மருத்துவமனைகளில் சிறு குழந்தைகளுக்கு வார்டில் அனுமதி கிடையாது. "வந்து பார்க்கலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காவலாளி வாசலில் நிறுத்தினால், அந்த அழுகையை யாராலும் ஆற்ற முடியாது.

2. வீட்டுப் பெரியவர்கள் ஒரே பேச்சுக்கு வர வேண்டும்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நீங்கள் வரவேற்பறையில் நிதானமாக விளக்குவீர்கள். அடுக்களையில் அப்பத்தா, "நல்ல உடம்பை ஏன் போய் அறுத்துக்கொள்ள வேண்டும்" என்று கண்ணைத் துடைப்பார். பிள்ளை நம்புவது அடுக்களையைத்தான்.

எனவே பிள்ளைகளுக்கு முன் பெரியவர்களிடம் பேசுங்கள். அவர்களுடைய பயத்தை அடக்கச் சொல்லாதீர்கள். அதை உங்களிடம் சொல்லட்டும், பேரப்பிள்ளை காதில் விழாமல் சொல்லட்டும். முடிந்தால் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க அவர்களையும் அழைத்துப் போங்கள். என் மாமியார் தம் சந்தேகத்தை மருத்துவரிடம் நேரில் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் ஒப்பாரி நின்றது.

ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "இப்படியே தின்றுகொண்டிருந்தால் உனக்கும் இந்த ஆபரேஷன்தான்." கூட்டத்துக்கு வருகிற குடும்பங்களில் நான் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் இது. பிள்ளைக்கு இது அறிவுரையாகப் போய்ச் சேராது. சோறு கேட்டால் கத்தி வரும் என்றுதான் போய்ச் சேரும்.

3. சொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

தமிழில் 'வயிறு' என்ற ஒரே சொல்லில் தொப்பையும் அடங்கும், சோறு போகும் பையும் அடங்கும், பாப்பா வளரும் இடமும் அடங்கும். "அம்மா வயிற்றை வெட்டிச் சின்னதாக்குவார்கள்" என்றால், தொப்பையைக் கத்தியால் சீவி எடுப்பதாகத்தான் ஆறு வயதுப் பிள்ளை நினைக்கும். என் மகன் அப்படித்தான் நினைத்தான். 'இரைப்பை' என்று சொல்லுங்கள். தெரியாத பிள்ளைக்குப் படம் வரைந்து காட்டுங்கள்: தொண்டையிலிருந்து ஒரு குழாய், அதன் அடியில் ஒரு பை. ஸ்லீவ் என்றால் அந்தப் பைக்குள் ஒரு வாழைப்பழம் வரைந்து, "இந்த அளவு மட்டும் இருக்கும்" என்று காட்டினால் போதும்.

'ஆபரேஷன்' என்ற சொல்லும் சில வீடுகளில் சிக்கலானது. "உன்னை ஆபரேஷன் செய்துதான் எடுத்தோம்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அம்மா மருத்துவமனையிலிருந்து தம்பிப் பாப்பாவோடு வருவாள் என்று காத்திருக்கும். ஒரு பெண் தன் மகள் தொட்டிலைத் துடைத்து வைத்திருந்ததை எங்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டு அழுதார். பாப்பா வராது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்தைத் 'தூக்கம்' என்று சொல்லாதீர்கள். நான் செய்த பெருந்தவறு இது. "டாக்டர் அம்மாவைத் தூங்க வைத்துவிட்டு வெட்டுவார், வலிக்காது" என்றேன். தூங்கினால் தன்னையும் யாரோ வெட்டிவிடுவார்கள் என்று மகன் கண்ணை மூட மறுத்தான். "வலி தெரியாமல் இருக்க ஒரு மருந்து கொடுப்பார்கள். அது மருத்துவமனையில் மட்டும் இருக்கிற மருந்து. வேலை முடிந்ததும் டாக்டரே எழுப்பிவிடுவார். இரவில் நாம் தூங்குவது வேறு" என்று சொல்லியிருக்க வேண்டும்.

'குண்டு', 'அசிங்கம்', 'ஒல்லியாகி அழகாகிவிடுவேன்' மூன்றையும் விலக்குங்கள். உங்கள் சிகிச்சையின் காரணம் சர்க்கரை நோயா, ரத்த அழுத்தமா, முட்டி வலியா, தூக்கத்தில் மூச்சு அடைப்பதா, அதைச் சொல்லுங்கள். அழகைக் காரணமாக்கினால், உங்களைப் போன்ற உடல்வாகுள்ள மகள் அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்வாள்.

4. எப்போது சொல்வது

அறுவை சிகிச்சைத் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கல்லீரலின் கொழுப்பைக் குறைப்பதற்காக, அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே பல மருத்துவர்கள் குறைந்த கலோரி உணவோ புரதப் பானமோ கொடுக்கத் தொடங்குவார்கள். அம்மா இட்லிக்குப் பதில் எதையோ கலக்கிக் குடிப்பது அன்றைக்கே பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும். அந்த உணவு முறை தொடங்குவதற்கு முன் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

பதின்ம வயதினரிடம், முடிவெடுத்ததுமே சொல்லிவிடுங்கள். கடைசியில் தெரிந்தால், தங்களைச் சிறு பிள்ளையாக நடத்தியதாகக் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் மூன்று நாள் முன்பு போதும். அவர்களுக்கு இரண்டு வாரம் என்பது முடிவே இல்லாத காலம். உணவு மாற்றத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் "அம்மாவுக்கு டாக்டர் கொடுத்த சாப்பாடு" என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

தேர்வுக்கு முந்தின நாளும் உறங்கப்போகும் நேரமும் வேண்டாம். இரவில் சொன்னால் கேள்விகள் இருட்டில்தான் முளைக்கும். விடுமுறை நாளின் காலை நல்லது, அன்று முழுவதும் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பீர்கள்.

5. முதல் பேச்சு

பத்து நிமிடம் போதும். மேலே சொன்ன வயதுப் பிரிவுகளில் ஒரே பிரிவில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், தனித்தனியாகப் பேசினாலும் ஒரே நாளில் பேசுங்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி வீட்டுக்குள் விஷமாகும்.

வரிசை இதுதான்: முதலில் என்ன உடம்புக்கு, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள், அடுத்து அந்த நாட்களில் உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள், கடைசியாக எப்போது வருவேன். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை மனத்தில் முதலில் ஓடுவதோ அதுதான்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம் (உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்):

"கண்ணா, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, தினமும் ஊசி போடுகிறேன், நீ பார்த்திருக்கிறாய். அது குறைவதற்காக டாக்டர் என் இரைப்பையைச் சின்னதாக்கப் போகிறார். புதன்கிழமை மருத்துவமனைக்குப் போவேன். அம்மாச்சி ஊரிலிருந்து வந்து உன்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். ராத்திரி அப்பா உன் பக்கத்தில் படுத்துக்கொள்வார். டாக்டர் சரி என்று சொன்னதும் வந்துவிடுவேன். சனிக்கிழமையாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம்."

கிழமையை ஒற்றையாகச் சொல்லாததைக் கவனியுங்கள். சனிக்கிழமை என்று உறுதி கொடுத்து ஒரு நாள் தள்ளிப்போனால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது.

பேச்சின் நடுவில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: "நீ சொன்ன பேச்சைக் கேட்காததால் எனக்கு இது வரவில்லை. உன்னால் வரவே இல்லை." தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் "உங்களால்தான் எனக்குப் பிரஷர் ஏறுகிறது" என்று கோபத்தில் ஒருமுறையாவது நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

பிறகு நிறுத்துங்கள். கேள்வி வந்தால் கேட்ட அளவுக்கு மட்டும் பதில். ஒன்றும் கேட்காமல் விளையாடப் போய்விட்டால் பிள்ளைக்குக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். கேள்வி இரண்டு நாள் கழித்துப் பஸ்ஸில் வரும்.

6. "நீ செத்துப்போய்விடுவாயா?"

எல்லாப் பிள்ளைகளும் இதை நினைக்கிறார்கள், சிலர்தான் கேட்கிறார்கள். "வாயைக் கழுவு, அச்சானியமாகப் பேசாதே" என்று அடக்கினால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். "ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. அது உங்கள் கையில் இல்லாத வாக்கு.

சிறு பிள்ளைக்கு: "அப்படி நடப்பது ரொம்ப ரொம்ப அபூர்வம். டாக்டர் இதை நிறையப் பேருக்குச் செய்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றுதான் நானும் டாக்டரும் நம்புகிறோம்." இவ்வளவு போதும்.

பெரிய பிள்ளையிடம் எண்ணோடு பேசுங்கள். இன்று இந்தச் சிகிச்சையில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டியது. பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையோடு ஒப்பிடத்தக்கது. உங்கள் உடல்நிலையில் ஆபத்து எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு, அதையும் சொல்லுங்கள். பதின்ம வயதினர் கைப்பேசியில் தேடாமல் இருக்க மாட்டார்கள். 2024இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்த செய்தி நாளிதழ்களில் பெரிதாக வந்தது. தேடினால் அது கண்ணில் படும். அவர்கள் தனியாகப் படித்து நடுங்குவதற்கு முன் நீங்களே எடுத்துப் பேசுங்கள். என் மகள் அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு நான்கு நாள் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்தாள். நான் அதைப் பருவக் கோபம் என்று நினைத்துவிட்டேன்.

7. ஊருக்குச் சொல்வதா வேண்டாமா

இந்தச் சிகிச்சையை மறைக்கிறவர்கள் நிறைய. கண் படும் என்பார்கள், சோம்பேறித்தனத்துக்கு ஆபரேஷனா என்று பேசுவார்கள் என்பார்கள். மறைப்பது உங்கள் உரிமை. ஆனால் "யாரிடமும் மூச்சுவிடாதே" என்று பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். மறைக்கச் சொல்லும் விஷயம் வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று பிள்ளை முடிவு கட்டும். பயம் வந்தால் ஆறுதலுக்குப் போகவும் அதற்கு ஆள் இருக்காது.

வெளியாட்கள் கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் கொடுங்கள்: "அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறார்." பொய் இல்லை, விவரமும் இல்லை. அதோடு, முழுவதும் பேசக்கூடிய ஒருவரை, ஒரு சித்தியையோ மாமாவையோ, பெயர் சொல்லிக் காட்டிவிடுங்கள். வகுப்பாசிரியருக்கும் தெரிவிப்பது நல்லது. அந்த வாரம் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் காரணம் அவருக்குத் தெரிய வேண்டும்.

8. மருத்துவமனை நாட்கள்

போகும் காலையில் சொல்லிவிட்டுப் போங்கள். தூங்கும்போது நழுவிப் போனால் அழுகையைத் தவிர்க்கலாம்தான். ஆனால் அடுத்த ஆறு மாதம், நீங்கள் கடைக்குப் போனால்கூடப் பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வீடியோ அழைப்பை அறுவை சிகிச்சை அன்று வைக்காதீர்கள். முகம் வீங்கியிருக்கும், பேச்சு குழறும். மறுநாள் எழுந்து நடந்த பிறகு, உட்கார்ந்தபடி பேசுங்கள். கையில் ஊசியும் குழாயும் இருந்தால், "இது வழியாக மருந்தும் தண்ணீரும் போகிறது" என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் பயம் அதிகம்.

9. வீடு திரும்பிய பிறகு: தூக்குதலும் சாப்பாடும்

நாலைந்து வாரத்துக்கு எடை தூக்கக் கூடாது என்பார்கள். ஓடிவந்து இடுப்பில் ஏறப் பழகிய குழந்தைக்கு இது தண்டனை போல இருக்கும். முன்பே ஒரு மாற்று பழக்குங்கள்: நீங்கள் சுவரோரம் உட்கார வேண்டும், குழந்தை பக்கவாட்டில் வந்து தோளில் சாய வேண்டும். போவதற்கு முந்தின வாரத்திலேயே இதை இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிட்டால், வந்த பிறகு தள்ளிவிடுவது போல இருக்காது.

பிள்ளைகளை அதிகம் கலங்க வைப்பது தழும்பு அல்ல, சாப்பாட்டு வேளை. முதல் இரண்டு வாரம் திரவ உணவு, பிறகு கூழ் பதத்தில், பிறகு குழைந்த உணவு. வழக்கமான உணவுக்கு வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். அதன் பிறகும் அளவு மிகக் கொஞ்சம்தான். அம்மா சாப்பிடாமலே இருக்கிறாள், இளைத்து இளைத்துச் செத்துவிடுவாள் என்று சிறு பிள்ளை கணக்குப் போடும். தன் தட்டில் இருப்பதை ஒளித்துவைத்து உங்களுக்கு ஊட்ட வரும்.

அதற்கு ஒரு வேலை கொடுங்கள். எனக்கு மருந்து அளக்கும் சிறு கோப்பையில் 30 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். மகன் அதை ஊற்றித் தந்து, காகிதத்தில் கோடு போட்டு எண்ணினான். அம்மாவுக்கு இதுதான் வயிறு நிறையும் அளவு என்பது எந்த விளக்கமும் இல்லாமல் அவனுக்குப் புரிந்தது.

நம் வீடுகளில் பிள்ளை வைத்த மிச்சத்தை அம்மா சாப்பிடுவது வழக்கம். அது இனி நடக்காது. பிள்ளை ஒரு வாய் ஊட்ட வரும்போது மறுப்பதும் வலிக்கும். "என் இரைப்பை நிறைந்துவிட்டது, இந்த வாயை அப்பாவுக்குக் கொடு" என்று சொல்லி, அருகிலேயே உட்கார்ந்திருங்கள். சாப்பிடாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். நீங்கள் உடன் உட்காருவதுதான் பிள்ளைக்கு வேண்டும்.

வாந்தி வரலாம் என்றும் சொல்லிவையுங்கள். வேகமாகச் சாப்பிட்டால் வரும். இனிப்பு அதிகமானால், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, படபடப்பும் வியர்வையும் வரும். கல்யாணப் பந்தியில் இலையில் இரண்டு வாய் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்க, நாலு பேர் சுற்றி நின்று கேட்கும்போது, பிள்ளை மிரளாமல் இருக்க இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

10. எடை குறையத் தொடங்கிய பிறகு

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டலாம். பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். புற்றுநோய்க்கு முடி கொட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போடும். சீப்பில் முடியைப் பார்த்த அன்றே சொல்லிவிடுங்கள்.

உறவினர்கள் உங்களைப் புகழ்வார்கள்: "அடையாளமே தெரியவில்லை, இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய்." பக்கத்தில் நிற்கும் மகள் முகத்தைப் பாருங்கள். அப்போதே, அவள் காது கேட்க, "சர்க்கரை மாத்திரை குறைந்துவிட்டது, மாடிப்படி ஏற முடிகிறது" என்று பேச்சைத் திருப்புங்கள். எடைபார்க்கும் கருவியைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கிலோ கணக்கை வீட்டில் அறிவிக்காதீர்கள்.

"நானும் குண்டா? எனக்கும் வருமா?" என்று கேட்டால் சமாளிக்காதீர்கள். உடல்வாகு குடும்பத்தில் வருவது உண்மை. ஆனால் வளரும் உடம்பு வேறு. அதைப் பார்க்கக் குழந்தை மருத்துவர் இருக்கிறார், வேண்டுமென்றால் இருவரும் போகலாம் என்று சொல்லுங்கள். உங்கள் உணவு முறையைப் பிள்ளைக்குப் பழக்கவே கூடாது. வளரும் பிள்ளைக்கு அந்த அளவு பட்டினி.

பிள்ளை வேளை தவறிச் சாப்பிடாமல் இருப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, உணவை ஒளித்துவைப்பது, நின்றுபோன பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது இவை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம்.

11. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு ஒரு பேச்சு

எடை இறங்குவது பெரும்பாலும் முதல் 12 முதல் 18 மாதங்களில்தான். அதன் பிறகு நின்றுவிடும், பலருக்குச் சில கிலோ திரும்ப ஏறும். இதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. என் மகள், அப்போது அவளுக்கு 15, பழைய சுடிதார் மீண்டும் எனக்குப் பொருந்துவதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் வீணா அம்மா?" என்று கேட்டாள். அன்றுதான் என் ரத்தப் பரிசோதனைத் தாள்களை, பழையதையும் புதியதையும், அவள் முன் விரித்து வைத்தேன். எந்த எண்கள் இறங்கியிருக்கின்றன, எந்த விட்டமின் மாத்திரையை ஆயுள் முழுவதும் போட வேண்டும், ஏன் ஆண்டுக்கு ஒருமுறை பி12, இரும்புச் சத்து, கால்சியம் பார்க்க வேண்டும் என்று இருவரும் ஒரு மணி நேரம் படித்தோம். அவள் கேட்கும் வரை காத்திருந்தது என் பிழை. ஓராண்டுப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள்.